ஒன்பதின் இடது தோள்

அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டாம் எண் வீட்டுக்கு அடுத்த கதவில் ‘12-அ’ என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்தது பதினான்கு. நடுவிலிருந்த அந்த வீட்டுக்குக் குடிவந்த தையல்காரி மூன்றாம் நாளே ஸ்டூல் போட்டு ஏறி, ‘12-அ’வைச் சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்புப் பெயின்டில் 13 என்று எழுதினாள். வீட்டுக்காரர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“ராசியில்லாத நம்பர எழுதி ஏம்மா வம்ப வெலைக்கு வாங்குற?”

“பன்னெண்டுக்கு அப்புறம் என்ன வரும்னு எம்பொண்ணு ஸ்கூல்ல படிக்கிறா சார். வீட்டுக்கு வந்து அவ குழம்பக் கூடாதில்ல?”

அன்றிலிருந்து மாடி முழுக்க அவளுக்குப் பதிமூணு அக்கா என்றே பெயர்.

விளையாட்டு உடைகள் தைக்கும் பட்டறையில் அவளுக்கு எண் தைக்கிற வேலை. துணியில் எண்ணை வெட்டி, ஜெர்சியில் முதுகுக்குப் பெரிதாகவும் நெஞ்சுக்குச் சிறிதாகவும் வைத்துத் தைக்க வேண்டும். அந்தப் பட்டறையின் எண்களில் வளைவே இருக்காது, எல்லாம் நேர்க்கோடு. வளைத்து வெட்டினால் துணி வீண் என்பது முதலாளியின் கணக்கு. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ முதுகுகளுக்கு எண் போட்டவள், மகள் ஆடத் தொடங்கும்வரை ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

மகளுக்குப் பதினாறு வயது. தென்னை மாதிரி வளர்ந்துவிட்டதால் அணியில் அவளை ஏணி என்று கூப்பிட்டார்கள். இடது பக்கத் தடுப்பு அவள் பொறுப்பு. பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான தேசியக் கால்பந்துப் போட்டிக்கு அவளும் தேர்வாகியிருந்தாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஆடினால் இந்த வருடம்தான்.

அந்த அணிக்கான ஜெர்சி ஆர்டரும் இதே பட்டறைக்குத்தான் வந்தது. அணியின் மேலாளர் நேரில் வந்து, “பதினெட்டு ஜெர்சி. பதிமூணு மட்டும் வேண்டாம், பத்தொம்பது வரைக்கும் போட்டுடுங்க” என்றார்.

“ஏன் சார், பதிமூணு என்ன பாவம் பண்ணுச்சு?” என்று அவள் வாயைத் திறந்ததுமே முதலாளி குறுக்கே வந்தார். “உன் பகுத்தறிவ உன் வீட்டுக் கதவோட வச்சுக்கம்மா. இங்க கஸ்டமர் சொல்றதுதான்.”

அவள் பன்னிரண்டுக்கு அடுத்துப் பதினான்கைத் தைத்தாள். மகளுக்குப் பதினான்கு வந்தது.

முதல் ஆட்டம் உள்ளூர் மைதானத்தில். தோற்றால் அதோடு சரி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தையல்காரி அரை நாள் லீவு போட்டுவிட்டு, பட்டறையிலிருந்து நேராக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது மகள் வேலி ஓரம் ஓடி வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அம்மா, என்னை வெளிய உக்கார வைக்கப் போறாங்களாம்.”

விஷயம் இதுதான். போட்டி அலுவலகத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே பயிற்சியாளர் அனுப்பிய பெயர்ப் பட்டியலில் எண்கள் ஒன்றிலிருந்து பதினெட்டுவரை வரிசையாக இருந்தன. ஏணியின் பெயருக்கு நேரே 13. மேலாளர் அந்தப் பட்டியலைப் பார்க்காமலே எண்ணைத் தாண்டியதால், அவளுக்கும் அவளுக்குப் பிறகு வந்த ஐந்து பேருக்கும் ஒவ்வொரு எண் தள்ளிப்போய்விட்டது. பட்டியல் மாறாது, ஜெர்சிதான் மாற வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஏணியின் 14ஐயும் சேர்த்து அந்த ஐந்து பேரும் சட்டைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். மிஞ்சியது ஒரு 19. இல்லாமல் போனது ஒரு 13.

உடை மாற்றும் அறை வாசலில் மேலாளர் கையை நீட்டி மறித்தார். “பெத்தவங்க உள்ள வரக் கூடாதும்மா.”

“நான் பெத்தவளா வரல. தையல்காரியா வந்திருக்கேன். நகருங்க.”

உள்ளே பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள் பட்டியலோடு நின்றிருந்தார்.

“மூணு வருஷம் முன்னாடி பதிமூணு போட்ட பொண்ணு பெனால்ட்டிய வெளிய அடிச்சு ஃபைனல்ல தோத்தோம்” என்றார் மேலாளர். “அப்பவே முடிவு பண்ணேன்.”

“அன்னிக்கு அவ ஒருத்திதான் வெளிய அடிச்சாளா?”

“இன்னும் ரெண்டு பேரும்தான்.”

“அவங்க நம்பர் என்ன?”

மேலாளர் விட்டத்தைப் பார்த்தார். “அது ஞாபகமில்ல.”

“பதிமூணு மட்டும் ஞாபகம் இருக்கு. அந்தப் பொண்ணு இப்ப எங்க?”

“அவ ஆடறத விட்டுட்டா” என்றாள் பெஞ்சிலிருந்த பட்டாணி. அணியிலேயே குள்ளமானவள், 19 அவளுடைய சட்டைதான். “ஊரே ராசியில்லாதவன்னு சொல்லுச்சு.”

மூன்று பேர் தவறவிட்டதற்கு ஒருத்தி தலையில் பழி. இன்று அதே பழியை, இன்னும் பந்தைத் தொடவே தொடாத இன்னொருத்தி தலையில் ஏற்றப் பார்க்கிறார்கள். தையல்காரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எரிச்சலுக்கு நேரமில்லை. பட்டறைக்குப் போய்வர ஒரு மணி நேரமாகும். அந்த 19ஐ வாங்கி மடியில் விரித்தாள். பட்டறையின் நேர்க்கோட்டு ஒன்பது. மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கொக்கி. பதினெட்டு வருடம் வெட்டிய கைக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“ஒம்பதோட இடது தோள எடுத்துட்டா மூணு” என்றாள்.

பையிலிருந்து கத்தரியும் ஊசியும் எடுத்தாள். தையலைப் பிரித்து அந்த ஒரு கோட்டை மட்டும் வெட்டி எடுத்தாள், முதுகில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. பிசிறு நிற்காமல் வெட்டிய ஓரத்தைக் கையால் தைத்து இறுக்கினாள். பெண்கள் சுற்றி நின்று வெளிச்சம் மறைத்தபோது, “வெளிச்சம் வரட்டும் விடுங்கடி, பிரசவமா பாக்குறேன்?” என்றாள். அப்போதுதான் அந்த அறையில் முதல் சிரிப்பு கேட்டது.

“அம்மா, அவளப் பதிமூணோட இறக்கினா தோத்துடுவோம்” என்றார் மேலாளர் கடைசி முயற்சியாக.

“தோத்தா தோக்கட்டும். ஆடித் தோக்கட்டும்.”

அதிகாரி அம்மாள் சட்டையைத் தூக்கிப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். “பதிமூணு. சரியா இருக்கு” என்று டிக் அடித்தார். பெஞ்சின் ஓரத்திலிருந்து எழுந்த பயிற்சியாளர் ஏணியைப் பார்த்து, “போட்டுக்க. இடது பக்கம் உன்னுது” என்றார்.

பட்டாணியின் சட்டை ஏணிக்கு இடுப்புக்கு மேலேயே நின்றது. இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டே ஆடினாள். முதல் பாதியில் அவளைத் தாண்டி ஒரு பந்து போனது, அது கோலாகவும் ஆனது. மேலாளர் திரும்பி கேலரியைப் பார்த்தார். தையல்காரி அந்தப் பார்வைக்கு இமைகூட அசைக்கவில்லை. இரண்டாம் பாதியில் அந்தப் பக்கமாக யாரும் தாண்டவில்லை. இரண்டு கோல் போட்டு ஜெயித்தார்கள்.

வெளியே வந்த மேலாளர் முகமெல்லாம் பல்லாக இருந்தார். “அக்கா, இனிமே பதிமூணுதான் நம்ம ராசி நம்பர். எல்லா மேட்ச்லயும் அவளுக்கு அதையே போட்டுடுவோம்.”

தையல்காரிக்கு முன்னைவிடக் கோபம் வந்தது.

“ராசியும் இல்ல, மண்ணும் இல்ல சார். தொண்ணூறு நிமிஷம் ஓடினது அவ காலு. நாளைக்கு ஒரு பந்து தவறினா மறுபடியும் நம்பர் மேல பழி போடுவீங்க. அடுத்த தடவை லிஸ்ட்டக் கையில வச்சுக்கிட்டு ஆர்டர் குடுங்க. அது போதும்.”

பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள். “சட்டையக் கழட்டிக் குடு. அக்குள்ல தையல் விட்டிருக்கு. நாளை மறுநாள் மேட்ச் இருக்குல்ல?”