கதையில் வராத எருமை

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். சொந்தக்காரர்களுக்குக் கடுதாசி போட்டதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. எழுத வந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் நடந்தது இது. அப்போது சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குழந்தைகள் இல்லை. மில்லுக்குள் மிஷின் சத்தத்தில் யாரும் பேச முடியாது. வெளியே வந்தால் எனக்குப் பேச வராது. பஸ் கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்வதைத் தவிர வாயே திறக்காமல் போன நாட்கள் உண்டு.

அவள் இருந்தவரை அப்படியில்லை. வாரப் பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதை என்றால் அவளுக்கு உயிர். படித்து முடித்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்துச் சேர்த்து வைப்பாள். நான் சாப்பிட உட்காரும்போது அந்த வாரத்துக் கதையைச் சொல்வாள். நானாக ஒரு வரி படித்ததில்லை. கதை முடிய நாலைந்து வாரம் இருக்கும்போது நாயகனின் மனைவி இறந்துபோவாள். அந்தச் சமயத்தில்தான் இவளும் நோயில் படுத்தாள். கடைசி அத்தியாயத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னாள்.

"அப்பறம் அவன் ஒரு எருமை வாங்கறானுங்க. வாசல் வாசலாப் போயிப் பால் ஊத்தறான். நாலு பேருகிட்டப் பேசிப் பேசி அவன் கூச்சமெல்லாம் போயிருது. எருமைய அம்மணின்னுதான் கூப்பிடுவானாமா."

"எருமையவா?" என்றேன்.

"ஏனுங்க, எருமைக்கென்ன கொறச்சல்? உங்களவிட அது எவ்வளவோ பேசும்" என்று சிரித்தாள்.

பிறகு அந்தக் கதை சினிமாவாக வந்தது. வார லீவு நாளில் மேட்னி ஷோவுக்குத் தனியாகப் போனேன். எருமையைப் பார்க்கத்தான் போனேன் என்றால் சிரிப்பீர்கள். கிணற்றடிச் சண்டை, கல்யாணத்தன்று பெய்த மழை என்று அவள் சொன்ன மாதிரியே எல்லாம் வந்தது. மனைவி இறந்தாள். அப்புறம் அவன் வீட்டைப் பூட்டினான், சாவியை ஜன்னலில் வைத்தான், மண்பாதையில் தனியாக நடந்து போனான். அவ்வளவுதான், லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அடுத்து என்ன வரும் என்று அந்த அம்மாள் படம் முழுக்கக் கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கதையைப் படித்தவர் என்று தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகவே பேசினேன்.

"ஏனுங்க, முடிவ மாத்திப்போட்டாங்களே?"

"இல்லீங்களே. கதையிலயும் இதேதானுங்க."

"அதப் படிச்சுப்போட்டு இவ அழுததுல ரெண்டு நாளு எனக்கு வெறும் ரசந்தானுங்க" என்றார் கணவர்.

"எருமை வாங்குவானுங்களே, பால் ஊத்துவான்..."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எருமையே வராதுங்க அந்தக் கதையில. ஆருங்க சொன்னாங்க உங்களுக்கு?"

"ஊட்டுலங்க."

"அவங்க வரலீங்களா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். என் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "வாரோமுங்க" என்று இருவரும் மெதுவாகப் போனார்கள்.

பெருக்குகிறவர் வந்து எழுப்பும்வரை உட்கார்ந்திருந்தேன். சினிமாக்காரர்கள் எதையும் மாற்றவில்லை. மாற்றினவள் அவள்தான். எழுந்து உட்கார முடியாமல் கிடந்தவள், எனக்காக ஒரு எருமையைக் கதைக்குள் ஓட்டி வந்திருக்கிறாள்.

அவள் தைத்து வைத்த கட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதன் மேல் தைக்காமல் கிடக்கும் கடைசி அத்தியாயத்தை இன்றுவரை நான் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்த கதையில் அவன் தனியாக நடந்து போவதில்லை.

படம் பார்த்த மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போனேன். ஒரு தரகர், சந்தை வழக்கப்படி வாய் திறக்காமல், துண்டுக்கடியில் என் விரல்களைப் பிடித்து விலை சொன்னார். எருமை வாங்கவில்லை. ஆனால் அன்று நாலு பேரிடம் நானாகவே வாய் திறந்து விலை கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.