டொலறஸ் போட்ட வாக்கு

அந்த வருடம் இந்த நாட்டின் பிரதமரைத் தெரிவு செய்யும் உரிமை டொலறசுக்கு இருந்தது. தோர்ண்டன் ஹீத்தில் அவள் வேலை செய்த லோன்றிக்குப் பை பையாக உடுப்புக் கொண்டுவந்து தோய்த்துக்கொண்டு போன வேறு ஒருவருக்கும் அது இருக்கவில்லை.

டொலறஸ் மன்னார் பேசாலைக்காரி. லண்டனுக்கு வந்து இருபத்தொன்பது வருடம். கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு மகள் மேனுஷாவோடு, நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் கவுன்சில் வீட்டில் இருந்தாள். அரசியல் பேசுகிறவள் அல்ல. கட்சிக்குள் அவள் வந்தது ஈரச் சுவரால்.

முன்பு அவர்கள் இருந்த வீட்டில் படுக்கையறைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். மேனுஷாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. இழுப்பு வந்து மூச்செடுக்கக் கஷ்டப்படுவாள். கவுன்சிலுக்கு எழுதி எழுதிக் கை சலித்த நேரத்தில், பிறகு நாட்டை ஆள வந்த கட்சியைச் சேர்ந்த திருமதி ஹார்க்ரீவ்ஸ் என்ற கவுன்சிலர் மூன்று மாடி ஏறி வந்தார். கையுறையைக் கழற்றி உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். “இதற்குள் ஒரு பிள்ளையா?” என்று மட்டும் கேட்டார். நான்கு மாதத்தில் வேறு வீடு கிடைத்தது. அடுத்த வருடம் அவர் ஒரு படிவத்தோடு வந்தபோது டொலறஸ் வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள். அன்றிலிருந்து சந்தா வங்கியிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஹார்க்ரீவ்ஸ் கடலோர ஊர் ஒன்றுக்குப் போய் அங்கேயே இறந்தும் போனார். டொலறஸ் கட்சியில் அப்படியே இருந்தாள்.

ஓகஸ்ட் மாதம் வாக்குச்சீட்டு வந்தது. இருந்த பிரதமர் விலகியிருந்தார். மிஞ்சிய இரண்டு பேரில் யார் அடுத்தவர் என்று ஆளும் கட்சியின் உறுப்பினர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மேனுஷா கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சமையலறையிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா, சீரியஸ்லி? நீங்க இவங்கட மெம்பரா?”

“ஓம். அந்த வீட்டுக் காலத்தில சேர்ந்தது.”

“நான் படிப்பிக்கிற ஸ்கூலில பிள்ளையள் காலமை பட்டினியோட வருதுகள், அம்மா. இவங்களாலதான். ப்ளீஸ், குப்பைக்குள்ள போடுங்கோ.”

டொலறஸ் குப்பைக்குள் போடவில்லை. இரண்டு பேரும் தொலைக்காட்சியில் வாதாடியதை இரண்டு தரம் இருந்து கேட்டாள். ஒருவர், கஷ்டம் வரும், பொறுக்க வேண்டும் என்றார். மற்றவர், ஒரு பெண்மணி, எல்லாம் சரியாகும் என்று நேரே பார்த்துச் சொன்னார். பொறுத்துப் பொறுத்து அலுத்துப் போயிருந்தவள் அந்தப் பெண்மணியின் பெயருக்கு நேரே கோடு கீறிவிட்டுத் தபாலில் போட்டாள்.

செப்டெம்பர் முதல் திங்கட்கிழமை மதியம் முடிவு அறிவித்தார்கள். லோன்றியில் ஆறேழு பேர் இருந்தார்கள். சுவரில் இருந்த தொலைக்காட்சியை, வேரா சொன்னபடி, டொலறஸ்தான் சத்தமாக வைத்தாள். வேரா ஜமேக்காக்காரர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். திங்கட்கிழமையில் அவர் வராவிட்டால் டொலறசுக்கு ஏதோ குறைந்தது போல இருக்கும்.

பெண்மணி வென்றார் என்றதும் ஒருவரும் கைதட்டவில்லை. பெயின்ற் அடிக்கிற மனிதர் ஒருவர் திரையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். “என்னிடம் யார் கேட்டது?” என்றாள் கைக்குழந்தையோடு இருந்த பெண். “அடுத்த மாதம் வீட்டில் ஹீட்டர் போடலாமா என்று நான் யோசிக்கிறேன், இவர்கள் தங்களுக்குள் தலைவியைத் தெரிவு செய்கிறார்கள்.”

“ஒன்றே முக்கால் லட்சம் பேர்கூட இல்லை,” என்றார் வேரா. “ஆறு கோடிக்கு மேல் சனம் இருக்கிற நாட்டுக்கு அவர்கள் பிரதமர் பிடிக்கிறார்கள். எழுபத்தொரு வயதாகிறது எனக்கு. அந்த உறுப்பினர்களில் ஒருத்தரைக்கூட நான் கண்டதில்லை. எங்கே ஒளிந்திருக்கிறார்கள்? ஒருத்தரின் முகத்தையாவது நான் பார்க்க வேண்டும்.”

டொலறஸ் யாருடையதோ விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். பேசாமல் மடித்திருக்கலாம். ஆனால் வேரா கேட்டது அவளை நேரே பார்த்துக் கேட்டது போலிருந்தது. பேசாமல் நின்றால் அது பொய் சொன்னதற்குச் சமம் என்று பட்டது.

“நான் ஒருத்தி,” என்றாள்.

வேரா முதலில் சிரித்தார். பகிடி இல்லை என்று விளங்கியதும் சிரிப்பு நின்றது.

“யாருக்குப் போட்டாய்?”

“அவவுக்குத்தான்.”

வேரா எழுந்து போய்த் தன் மெஷின் கதவை இழுத்தார். தோய்த்து முடியாமல் அந்தக் கதவு திறக்காது. இன்னும் பதினொரு நிமிடம் என்று காட்டியது. அந்தப் பதினொரு நிமிடமும் எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி, சுழலும் தன் உடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் காயப்போடாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட அள்ளிப் பையில் திணித்தார்.

“உன்னை நான் நல்லவள் என்று நினைத்தேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே மகாராணி இறந்ததால் சனத்துக்குப் பேச வேறு விஷயம் கிடைத்தது. டொலறஸ் தப்பினோம் என்று நினைத்தாள். ஆனால் செய்தி பரவியிருந்தது. முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகளை வான் வண்டியில் ஏற்றி இறக்கும் கஸ்பர், அவளோடு ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர், சனிக்கிழமை வந்தவுடனேயே தொடங்கினார்.

“உமக்கென்ன விசரே, டொலறஸ்?”

“ஏன் அண்ணை, பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?”

“ஆர் பொய் சொல்லச் சொன்னது? வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லுறன். எங்கட ஆக்களிலும் கனபேர் அந்தக் கட்சிக்குத்தான் போடுறவை. ஆரும் கடையில நிண்டு சொல்லிக்கொண்டு திரியிறேல்ல.”

செப்டெம்பர் கடைசியில் புதிய அரசாங்கம் கடன் வாங்கி வரியைக் குறைக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. பவுண் நாணயத்தின் மதிப்பு விழுந்தது. வீட்டுக்கடன் வட்டி ஏறியது. லோன்றியில் கோபத்துக்கு இப்போது ஒரு முகம் இருந்தது. அது காலை எட்டு மணியிலிருந்து கவுண்டருக்குப் பின்னால் நின்றது. “உன் பிரதமர் சுகமா?” என்று கேட்டுக்கொண்டுதான் பலர் உள்ளே வந்தார்கள். நான்காம் நம்பர் டிரையரில் யாரோ தடித்த கறுப்புப் பேனாவால், ‘எல்லாவற்றுக்கும் இங்கே நிற்கிறவளுக்கு நன்றி சொல்லுங்கள்’ என்று எழுதி அவள் நின்ற பக்கம் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். முதலாளி தொலைபேசியில், கடையில் அரசியல் கதைக்கக் கூடாது என்றார். டொலறஸ் ஒன்றும் கதைப்பதில்லை, சனம்தான் கதைக்கிறது என்பதை அவர் கேட்கத் தயாராக இல்லை.

எல்லாவற்றையும் தாங்கினாள். பிரவீணன் வந்த நாள்தான் தாங்க முடியவில்லை. கடைக்கு வழக்கமாக வருகிற, விமான நிலையத்தில் வேலை செய்யும் பிள்ளை. மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி. மிச்சம் என்ற பகுதியில் வீடு பார்த்து எல்லாம் சரிவந்திருந்தது.

“அன்ரி, பாங்க் லோனைத் திருப்பி எடுத்திட்டான்,” என்றான். குரலை உயர்த்தவில்லை. “புது வட்டிக்கு எங்களால ஏலாது. வீடு போச்சு. நீங்க ஒரு கோடு கீறினீங்கள், அன்ரி. ஒரு கோடு. எங்களுக்கு அதுகூடக் கீற ஏலாது.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “ஸொறி சொல்லாதேங்கோ,” என்றான். “அதை வச்சு நான் என்ன செய்யிறது?”

அன்றிரவு அதை மகளிடம் சொன்னாள். மேனுஷா ஆறுதல் சொல்லவில்லை. “நான் அப்பவே சொன்னனான்,” என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கட்சி உறுப்பினர் கூட்டம் என்று ஒரு மின்னஞ்சல் ஒவ்வொரு மாதமும் வரும். டொலறஸ் ஒரு நாளும் போனதில்லை. ஒக்டோபர் கூட்டத்துக்குப் போனாள். பஸ் தெற்கே போகப் போக வீடுகள் பெரிதாகி மரங்களுக்குப் பின்னால் மறைந்தன. மண்டபத்தில் நாற்பது பேர் அளவில் இருந்தார்கள், அநேகமாக எல்லோருக்கும் அவளைவிட வயது கூட. வைனும் சின்னச் சின்ன பிஸ்கட்டுகளும் வைத்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் கோபமாகத்தான் பேசினார்கள். பத்திரிகைகள் மேல் கோபம், வங்கிகள் மேல் கோபம், தங்கள் எம்.பி.க்களே காலை வாருகிறார்கள் என்று கோபம். தாங்கள் போட்ட வாக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டொலறஸ் கையை உயர்த்தினாள். கூட்டத் தலைவர், மீசை வைத்த ஓய்வு பெற்ற வழக்கறிஞர், கனிவாகத் தலையசைத்தார்.

எழுந்து நின்றாள். அவளுக்கு வரக்கூடிய ஆங்கிலத்தில் சொன்னாள்: லோன்றியில் வேலை செய்கிறேன் என்றாள். ஒரு தம்பதிக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, வீடு போய்விட்டது என்றாள். வேரா ஈர உடுப்போடு போனதைச் சொன்னாள்.

“கேள்வி இருந்தால் கேளுங்கள், மேடம்,” என்றார் தலைவர்.

“இவரை எதிர்க்கட்சிக்காரர்தான் அனுப்பியிருக்கிறார்கள்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு மாது திரும்பி, “நீங்கள் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?” என்று கேட்டார்.

டொலறஸ் அந்த மாதின் பக்கம் திரும்பினாள்.

“நாட்டுக்கு வந்து இருபத்தொன்பது வருடம். உங்கள் கட்சிக்கு வந்து பன்னிரண்டு,” என்றாள். “அவவுக்கு நான் வாக்குப் போட்டேன். நீங்களும் போட்டீர்கள். என் கடையில் சனம் என்னை ஏசுகிறது. உங்களை ஒருவரும் ஏசுவதில்லை. ஏனென்றால் உங்களை ஒருவருக்கும் தெரியாது. நான் சொன்னேன், நான்தான் போட்டேன் என்று. என் கேள்வி இதுதான். நாளைக்கு நீங்களும் போய்ச் சொல்லுவீர்களா? உங்கள் கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில்?”

யாரோ இருமினார்கள். தலைவர் கையிலிருந்த நிகழ்ச்சிநிரலைப் பார்த்தார்.

“கருத்துக்கு மிக்க நன்றி. அடுத்து, கிறிஸ்மஸ் விருந்து.”

வெளியே வரும்போது கோட்டுகள் தொங்கிய இடத்தில் வயதான மனிதர் ஒருவர் அவளை மறித்தார். நல்லதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்து நின்றாள். “உங்களைப் போன்றவர்களைச் சேர்த்ததுதான் பிழை,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. டொலறஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தாள்.

அந்தப் பிரதமர் இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. ஒக்டோபர் இருபதாம் திகதி விலகுவதாக அறிவித்தார். லோன்றியில் சனம் கைதட்டியது. பெயின்ற் அடிக்கிற மனிதர் விசிலும் அடித்தார். நான்கு நாளில் அடுத்தவர் வந்தார். இந்த முறை போட்டிக்கு ஒருவர்தான் மிஞ்சியதால் உறுப்பினர்களிடம் ஒருவரும் வாக்குக் கேட்கவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை வேரா வந்தார். மன்னித்து வந்தவராகத் தெரியவில்லை. பக்கத்தில் வேறு லோன்றி கிடையாது. உடுப்பை மெஷினில் போட்டுவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

“இவரையும் நீதானா?”

“இல்லை. எங்களிடமும் கேட்கவில்லை.”

“நல்லது,” என்றார் வேரா. “எப்படி இருக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.”

பிரவீணன் பிறகு அந்தக் கடைக்கே வரவில்லை. பிள்ளை பிறந்ததைக் கஸ்பர் சொல்லித்தான் அறிந்தாள். ஒரு சின்னச் சட்டை வாங்கிக் கஸ்பரிடம் கொடுத்துவிட்டாள். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் தெரியும்.

கட்சியை விட்டுவிடுவாள் என்றுதான் மேனுஷா நினைத்தாள். சந்தாவை நிறுத்த வங்கிக்குப் போன் பண்ணச் சொல்லி நம்பரையும் எடுத்துக் கொடுத்தாள்.

“விடமாட்டன், பிள்ளை.”

“ஏன், அம்மா? அவங்கள் உங்களை என்ன சொன்னவங்கள்? மறந்திட்டீங்களா?”

“மறக்கேல்ல. வெளியால போனால் பிறகு எந்த வாசலில நிண்டு நான் கேக்கிறது?”

மேனுஷா நம்பர் எழுதிய துண்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் கூட்டத்துக்கு இருபது பேர்கூட வரவில்லை. கதவடியில் நின்ற தலைவர் அவளைக் கண்டதும், இன்றைக்கு நிகழ்ச்சிநிரல் நீளம், கேள்விகளுக்கு நேரம் இராது என்று முதலிலேயே சொல்லிவைத்தார்.

“பரவாயில்லை,” என்றாள் டொலறஸ். “நான் கேள்வியை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.”

கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்வரிசைக்குப் போய், எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்ட அந்த மாதுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டாள்.