அறுபது வயது மதிக்கத்தக்க ஆண்

2005ஆம் வருஷம், உப்பு வாரும் கோடை. மரக்காணம் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் நான் ஸ்டேஷன் ரைட்டராக உட்கார்ந்த முதல் வாரம். காலை பத்து மணிக்குச் செல்வி என்ற பெண் வந்து நின்றார். கணவர் ஏழுமலை உப்பளத் தொழிலாளி. முந்தின நாள் காலை, திண்டிவனம் போய் மாத்திரை வாங்கி வருவதாகச் சொன்னவர் திரும்பவில்லை.

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாரும்மா. ரெண்டு நாள் பாரு" என்றேன். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானாகச் சொன்னது.

"பெருமுக்கல்ல நாத்தனார் வூடு. விடியக்காலைலயே போய்ப் பாத்துட்டேன் சார். அங்க வரல. நீங்க எழுதிக்குங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் மேன் மிஸ்ஸிங் புகார் எழுதினேன். என்ன சட்டை என்று கேட்டேன்.

"அவரு கெளம்பறப்ப நான் உப்புப் பாத்தியில இருந்தேன் சார்."

வாக்காளர் அட்டையைக் கொடுத்தார். அதிலிருந்த படம் யாருடையதாகவும் இருக்கலாம். வயது நாற்பத்து நாலு என்று குறித்துக்கொண்டேன். வயர்லெஸ் மைக்கில் மாவட்டம் முழுக்கத் தகவல் சொன்னேன். புதுச்சேரி தனி நிர்வாகம், நம் மைக் அங்கே கேட்காது. அதனால் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டேன். திண்டிவனத்தில் இல்லை. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடுத்தார்.

"நாப்பத்து நாலுல யாரும் இல்ல சார். பேர் தெரியாத பெரியவர் ஒருத்தர் இருக்காரு. அறுபது இருக்கும். பெரிய முதலியார்சாவடிகிட்ட ரோட்டோரம் மயங்கிக் கெடந்தாராம். இன்னும் நெனவு வரல."

"அவர் இல்லம்மா" என்று வைக்கப் போனேன். செல்வி எழுந்து வந்தார்.

"வெக்காதீங்க சார். காலு எப்படி இருக்குதுன்னு கேளுங்க."

நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பாதம் பூரா வெடிப்பு சார். தோலு கட்டையாட்டம் இருக்குது. எடது கட்டவிரல்ல நகமே இல்ல."

அதைச் செல்வியிடம் சொன்னேன்.

"அவருதான்" என்றார். அழவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

நானும் கூடப் போனேன். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தால் நானும் அறுபது என்றுதான் எழுதியிருப்பேன். இருபது வருஷ வெயிலும் உப்புத் தண்ணீரும். செல்வி கட்டிலோரம் நின்று, போர்வையை இழுத்து அந்தக் கால்களை மூடினார்.

மூன்றாம் நாள் ஏழுமலைக்கு நினைவு வந்தது. திண்டிவனம் என்று சொல்லிவிட்டு எதற்குப் புதுச்சேரிப் பக்கம் போனார் என்று கேட்டேன்.

"எடையஞ்சாவடில வாட்ச்மேன் வேல இருக்குதுன்னாங்க சார். காலு தாங்கல. கெடைக்கலன்னா இது வருத்தப்படுமேன்னு சொல்லாம போனேன். கெடைக்கல. வெயில்ல நடந்து வந்தேன், தல சுத்திடுச்சு."

"கெடைக்கலன்னா கெடைக்கலன்னு வந்து சொல்லு. எங்க போறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார் செல்வி.

அடுத்த வருஷம் ஏழுமலைக்கு வேறொரு இடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

புதிதாக ரைட்டர் சீட்டுக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். ஆளைக் காணோம் என்று வருகிறவரிடம் ரெண்டு நாள் பார்க்கச் சொல்லாதீர்கள். உடனே எழுதுங்கள். அட்டையில் இருக்கும் வயதோடு, பார்வைக்கு எத்தனை வயது என்றும் கேளுங்கள். போன் செய்யும்போது புகார் கொடுத்தவரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.