சனிக்குச் சம்மன்

“பார்ட்டி ஆஜரா?” என்று கேட்டுக்கொண்டேதான் ஜெயக்கொடி மொட்டை மாடிக்கு ஏறுவார். தென்கிழக்கே அண்ணாந்து பார்ப்பார். மேகம் மூடியிருந்தால், “வாய்தா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தொலைநோக்கியின் மேல் பழைய போர்வையைப் போர்த்திவிட்டு இறங்கிவிடுவார். ஐப்பசி முழுக்க மதுரை வானம் அவருக்கு வாய்தா மேல் வாய்தாவாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

தல்லாகுளம் பக்கம் ஒரு நீதிமன்றத்தில் அவர் டவாலி. வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை. வாசலில் நின்று கட்சிக்காரர் பெயரை மூன்று தடவை கூப்பிடுவது வேலை. மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவருவான், அப்பேர்ப்பட்ட குரல். ஆனையூரில் தன் வீட்டுக்குள் மட்டும் மெல்லத்தான் பேசுவார். நான் அந்த வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறவன். மொட்டை மாடிக்கு என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், இந்தக் கூத்து முழுவதற்கும் நான்தான் சாட்சி.

பார்ட்டி என்று அவர் சொல்வது சனிக் கிரகத்தை. பெயரைச் சொல்ல முடியாது. அவர் மனைவி முனீஸ்வரியின் காதில் விழுந்தால் அன்றைக்கு அந்த அம்மாவுக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமைக்குக்கூட அந்த வீட்டில் ‘வெள்ளிக்கு மறுநாள்’ என்றுதான் பெயர். முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. காரணம் தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்கள் மகன் அருள்பாண்டி பைக் விபத்தில் போய்விட்டான். சாவு வீட்டில் ஒரு உறவுக்காரப் பெண் முனீஸ்வரியைக் கட்டிக்கொண்டு, “மீன ராசிக்கு ஏழரை பிடிச்சுச்சே, தாய்க்கு வந்தது பிள்ளைய வாங்கிருச்சே” என்று ஒப்பாரியோடு ஒப்பாரியாகச் சொல்லிவிட்டாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். சொன்ன சொல் இங்கேயே தங்கிவிட்டது. அந்த வாயை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றிலிருந்து முனீஸ்வரி தன் மகள் பவதாரிணியைத் தொடுவதில்லை. மகளை வண்டியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், கூப்பிடு தூரம்தான். இப்போது அவள் வயிற்றுப்பிள்ளைக்காரி. கார்த்திகையில் வளைகாப்பு, அது முடிந்ததும் பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். “நான் வரல. அவளுக்கு வளவி போடுற கை என் கையா இருக்க வேணாம். ஏழரை முடியட்டும்” என்று முனீஸ்வரி முடிவாகச் சொல்லிவிட்டார். “அது முடியுறதுக்குள்ள என் பிள்ளை பள்ளிக்கூடமே போயிரும்மா” என்று மகள் ஸ்பீக்கர் போனில் அழுதது மாடிவரைக்கும் கேட்டது.

ஜோசியமெல்லாம் சுத்தப் பொய் என்று ஒருநாள் ஜெயக்கொடியிடம் வெடித்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

“பொய்யோ மெய்யோ, எனக்குத் தெரியாது தம்பி. ஆனா ஒருத்தர் மேல குத்தம் சொன்னா, ஆளைக் கொண்டாந்து கூண்டுல நிறுத்தணும்ல. இவ அது மூஞ்சியைக்கூடப் பாக்கல. தானாத் தன் தலையில தீர்ப்பெழுதிக்கிட்டு உக்காந்திருக்கா.”

கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்துப் பார்க்க முனீஸ்வரி மாடியேறி வரப்போவதில்லை. ஆகவே படம் எடுத்துக் காட்டுவது என்று முடிவு செய்தார்.

தொலைநோக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற சின்ன ரகம். கேமரா, மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் கிடந்த வெப்கேம். அதன் லென்ஸைக் கழற்றிவிட்டு, பழைய ஃபிலிம் ரோல் டப்பாவை வெட்டி ஒட்டி, கண் வைக்கிற இடத்தில் செருகியிருந்தார். ஸ்டுடியோ வைத்திருக்கும் இம்மானுவேல் சொல்லிக்கொடுத்த வழி. லேப்டாப், பவதாரிணி படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது.

முதல் படத்தில் வெள்ளையாக ஒரு திட்டுதான் விழுந்தது. “சுத்தி இருட்டா இருக்கவும் கேமரா வெளிச்சத்தை அள்ளிக் கொட்டுதுண்ணே. ஆட்டோ மோடை நிப்பாட்டிட்டு வெளிச்சத்தை நீங்களாக் கொறைங்க” என்றார் இம்மானுவேல் போனில். குறைத்ததும் திட்டு சுருங்கி மஞ்சள் உருண்டை ஆனது. வளையத்தைக் காணோம். தொலைநோக்கிதான் கோளாறு என்று திருகாணிகளைத் திருகி, இருந்த தெளிவையும் கெடுத்துக்கொண்டார். அதைச் சரிசெய்யவே ஒரு வாரம் போயிற்று. பிறகுதான் தெரிந்தது, இந்த வருடம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறதாம். சாப்பாட்டுத் தட்டைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்தால் கோடாகத்தானே தெரியும்.

அந்தக் கோடும் நிலையாக நிற்கவில்லை. கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. பகலெல்லாம் குடித்த வெயிலை மொட்டை மாடி பொழுது சாய்ந்த பிறகுதான் கக்குகிறது, மண் தரைக்கு இறங்குங்கள் என்றார் இம்மானுவேல். மண் தரை என்றால் அந்த வீட்டில் கொல்லைதான். அது அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே. ஜெயக்கொடி தொலைநோக்கியைத் தோளில் சுமந்து வருவதைப் பார்த்ததும் முனீஸ்வரி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மழை வெறித்த ஒரு சாயங்காலம். காற்றில்லை. முக்காலியின் நடுவில் தண்ணீர்க் குடத்தைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார். படமாக எடுக்காமல் வீடியோவாக எடுத்தார். அதில் ஆயிரக்கணக்கான படங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி லேப்டாப் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. நானும் அவரும் திரையை ஒட்டிக் குனிந்தோம். கடைசியில் வந்தது, மஞ்சள் பாசிமணியில் ஊசி கோத்தது மாதிரி ஒன்று. ஓரமெல்லாம் மங்கல்தான். ஆனாலும் சனி.

லேப்டாப்பை அடுப்படி மேடையில் கொண்டுபோய் வைத்தார். நானும் பின்னாலேயே போனேன். “முனீசு, ஆளைக் கொண்டாந்துட்டேன். பாக்குறதும் பாக்காததும் உன் இஷ்டம்.”

கோயிலில் சனி சன்னதிக்கு நேரே யாரும் நிற்பதில்லை. ஒதுங்கி நின்றுதான் கும்பிடுவார்கள். முனீஸ்வரியும் அப்படித்தான் முதலில் நிலைப்படியோரம் ஒதுங்கி நின்றார். அப்புறம் ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம் கிட்ட வந்தார். மங்கலாகத் தெரியவும், தூசி என்று நினைத்து முந்தானையால் திரையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“அம்புட்டுத்தேன் தெளிவு” என்றார் ஜெயக்கொடி.

“எம்புட்டுத் தூரத்துல இருக்கு?”

“நூத்திமுப்பது கோடி கிலோமீட்டராம்.”

முனீஸ்வரி திரையில் அந்த மணிமேல் விரலை வைத்தார். “அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு, என் பிள்ளை எந்த ரோட்டுல போறான்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

ஊரையே கூப்பிடுகிற ஜெயக்கொடி, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் நிற்க முடியவில்லை. வெளியே போய்விடலாம் என்று திரும்பினேன்.

“அவளுக்கு இப்பக் கை வீங்கியிருக்குமே” என்றார் முனீஸ்வரி பின்னாலிருந்து. “ரெண்டே கால் சைஸ் வளவி ஏறுமா?”

திரும்பிப் பார்த்தேன். இடது கையின் ஐந்து விரல்களையும் ஒன்றாகக் குவித்துப் பிடித்திருந்தார். வலது கையால், கண்ணாடி வளவி உடையாமல் ஏற்றுவதுபோல், விரல் முட்டிகளைத் தாண்டி மணிக்கட்டுவரை மெல்லத் தடவிக்கொண்டு வந்தார்.