ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன்

கொச்சி மட்டாஞ்சேரியில் யாரிடமும் "சுகமா?" என்று போகிறபோக்கில் கேட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. கேட்டால் பதில் சொல்வார்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு "நல்லா இருக்கேன்" என்று ஒரே பதில்தான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கூட அதைத்தான் சொல்வார். இங்கே காலையில் மீன் வண்டியைச் சுற்றி நிற்கும் ஐந்தாறு பெண்கள், மத்தி என்ன விலை என்று கேட்பதற்கு முன்பே அவரவர் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று சொல்லி முடித்திருப்பார்கள். யாருக்குத் தைராய்டு, யாருக்கு மூட்டில் நீர், யாருடைய ஸ்கேனில் என்ன வந்தது, எல்லாம் எங்கள் சந்துக்கே தெரியும். கல்யாணமாகிக் கோவில்பட்டியிலிருந்து வந்த புதிதில் எனக்கு இது பெரிய கூச்சமாக இருந்தது. நோயை இப்படியா வீதியில் கடைபரப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டு, கையிலிருக்கும் பாத்திரத்தையே பார்த்தபடி நிற்பேன். வந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன. கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் பேசுவார், படிக்க வராது, அதனால் இதையெல்லாம் தைரியமாக எழுதுகிறேன்.

கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த ஏப்ரலில், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் தடுப்பூசி என்றார்கள். எனக்கு அப்போது நாற்பத்தாறு. பக்கத்து வீட்டு நபீசா இத்தா என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார். இத்தா என்றால் இங்குள்ள முஸ்லிம் வீடுகளில் அக்கா; எனக்கும் அவர் அக்காதான். நோன்பு தொடங்குவதற்குள் ஊசியை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு ஒருவராக உட்காரவைத்திருந்தார்கள். என் முறை வந்ததும் நர்ஸ், "அசுகம் எந்தெங்கிலும் உண்டோ சேச்சீ?" என்று கேட்டார்; அசுகம் என்றால் நோய். "ஒண்ணுமில்ல" என்றேன். பின்னால் நின்ற இத்தா இரண்டு மாஸ்க்குக்குள் இருந்தபடியே சத்தம் போட்டார்: "ப்ரஷர் உண்டு ஸிஸ்டரே! டெய்லி மருந்து கழிக்கணது ஞான் கண்டிட்டுண்டு." நான் தினமும் மாத்திரை போடுவதை அவர் பார்த்திருக்கிறாராம். வகுப்பறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பின்னே எந்தினா இல்லான்னு பறஞ்ஞே?" என்றார், ஏன் இல்லை என்று சொன்னேனாம். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. கேட்டார்கள், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த வாயைப் பழக்கியவர் என் அம்மா. எனக்குப் பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, பத்தியச் சோறு தின்று, உள்ளறையில் ஒரு மாதம் கிடந்தேன். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, "செல்வி அவ அத்தை வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டார். யாராவது உள்ளே வந்தால் நான் இருமாமல் கிடக்க வேண்டும். "பொட்டப்பிள்ளைக்கு நோவுன்னு வெளிய தெரிஞ்சா எவன் கேட்டு வருவான்?" என்பார். அது மட்டுமில்லை, நோயின் பேரை வாயால் சொன்னாலே அது இன்னும் நாலு நாள் தங்கிவிடும் என்ற பயமும் அவருக்கு உண்டு. அவர் மட்டும் லேசுப்பட்டவரா? சர்க்கரை வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் தம்பி முருகன் வாய் தவறிச் சொன்னதால். ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு, "நீ தூரத்துல கெடக்கவ, சொன்னா என்ன பறந்தா வரப்போற?" என்றார். வெளியூரில் பிழைக்கும் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். போன் எடுத்தால் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறார்கள், வைத்த பிறகுதான் இரண்டு பக்கமும் தைலம் தேய்க்கிறார்கள்.

ஊசி போட்ட அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் விடிந்தபோது எழுந்திருக்க முடியவில்லை. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டியது. இத்தாவுக்கும் காய்ச்சல்தான், ஆனால் அவர் அதை ஒரே நாளில் உதறிவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு மதில்மேல் எனக்குக் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பார். சந்தில் யாருக்கு எத்தனை டிகிரி என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்தச் சமயத்தில்தான், மத்தியானம் போல, தம்பியின் போனிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிட்டார். எதற்கு என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. ஊசி போட்டால் கை கால் விழுந்துவிடும் என்று தெருவில் பேச்சு. நான் எத்தனையோ சொல்லியும் அவர் அசையவில்லை. கடைசியில், "நீ மொதல்ல போடு, பாப்போம்" என்றிருந்தார். அந்தத் தெருவே நான் போட்டு என்ன ஆகிறேன் என்று பார்க்கக் காத்திருந்தது.

முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, முன்னறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு போனை எடுத்தேன். "என்னட்டி, என்ன செய்யுது?" என்றார் அம்மா. "ஒண்ணும் செய்யலம்மா. கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல. சமையல் பண்ணிட்டிருக்கேன்" என்றேன். நாலு நிமிடம் பேசினோம். பேசி முடித்ததும் நாற்காலியிலிருந்து அப்படியே பாயில் சரிந்தேன். கஞ்சித் தூக்கைத் திரும்ப வாங்க வந்த இத்தா ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எந்தினாடீ அம்மயோடு கள்ளம் பறஞ்ஞது?" என்று கேட்டார்; கள்ளம் என்றால் இங்கே பொய். உங்களுக்குப் புரியாது இத்தா என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்கிறோம், ஒரு பொய் சொல்லி ஒரு ஊசி போடக் கூடாதா? எனக்கு அன்று குற்ற உணர்ச்சியே இல்லை. சாமர்த்தியமாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஒன்பதாவது நாள் உடைந்தது. அம்மா ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மத்தியானம் தம்பி கூப்பிட்டான். குரலே சரியில்லை. "அக்கா, அம்மாவுக்குக் காய்ச்சல் நெருப்பா அடிக்கி. மாத்திரை குடுத்தா வாய மூடிக்கிட்டா. காலைலருந்து ஒரு வாய் தண்ணி எறங்கல. டாக்டர் போன்ல சாதாரணந்தான்னு சொன்னாரு, நம்ப மாட்டேங்கா. காதுல கெடந்த கம்மலக் கழட்டி என் கையில குடுத்துட்டாக்கா." அப்பா இறந்தபோதுகூட அம்மா கழற்றாத கம்மல் அது. சர்க்கரைக்கார உடம்பு, வெறும் வயிறு, காய்ச்சல். கிளம்பிப் போகலாம் என்றால் பாஸ் வாங்கி, எல்லையில் காட்டி, இரண்டு வண்டி மாறிப் போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும்.

வீடியோவில் அம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காது மொட்டையாகத் தெரிந்தது. "செல்வி, ஒனக்கு ஒண்ணும் செய்யலன்னு சொன்னீயே. எனக்கு மட்டும் இப்பிடி ஆகுதுன்னா என் ஒடம்புல என்னமோ முடிஞ்சு போச்சுன்னுதான அர்த்தம்?" என்றார். தைரியம் கொடுக்க நான் சொன்ன பொய்தான் அவரைச் சாகடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் வரும், போகும் என்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். நான் அழுதேன். "அம்மா, எனக்கும் வந்துச்சும்மா. உன்னை மாதிரியேதான். மூணு நாள் எந்திரிக்கல. உன்கிட்டப் பொய் சொன்னேன்" என்றேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்ப என்னத் தேத்துறதுக்குச் சொல்லுத. நீயும் டாக்டரும் பேசி வச்சுக்கிட்டு ஒண்ணுபோலச் சொல்லுதீக" என்றார். பொய்யைச் சொன்னபோது நம்பினார், உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. அவர்மேல் தப்பில்லை. இத்தனை வருடமாக நான் போனில் ஒரு நாளாவது நன்றாக இல்லை என்று சொன்னதுண்டா?

எப்படி மதிலுக்கு ஓடினேன் என்று தெரியவில்லை. "இத்தா! இத்தா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஈரக் கையோடு மாஸ்க்கை மாட்டிக்கொண்டே வந்தார். நோன்பு தொடங்கி ஒரு வாரமாகியிருந்தது. விஷயத்தைச் சொல்லிப் போனை மதில்மேல் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்துவிட்டு நான் பின்னால் நகர்ந்தேன். அவர் அம்மாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை. "ஞான் தமிழ் பறயாம்" என்று என்னிடம் கையமர்த்திவிட்டு, அவர் தமிழ் என்று நம்புகிற ஒன்றைப் பேச ஆரம்பித்தார். "அம்மே, இங்கோட்டு நோக்கு. செல்விக்கு மூணு நாள் காய்ச்சல். ஞான் கண்டு. இங்ஙனே விறச்சு." சொல்லிக்கொண்டே முக்காட்டை இறுக்கிப் போர்த்தி, தோளைக் குறுக்கி, நடுங்கிக் காட்டினார். "ஞானாணு கஞ்ஞி கொடுத்தது. முகத்துல பவுடர் இட்டு உங்ஙளோடு கள்ளம் பறஞ்ஞு இவள்."

பவுடர் என்ற சொல்லில் அம்மா லேசாகத் திரும்பினார். ஆனாலும் விடவில்லை. "அவ சொல்லிக்குடுத்துத்தான பேசுதீக?" என்றார். இத்தாவுக்கு அது பாதிதான் புரிந்தது, ஆனால் சந்தேகப்படுகிறார் என்பது நன்றாகப் புரிந்தது. அவர் முகம் மாறியது. மாஸ்க்கைக் கழற்றி மதில்மேல் வைத்தார். காய்ந்த உதட்டைத் தொட்டுக் காட்டி, "அம்மே, எனிக்கு நோம்பாணு. நோம்புள்ள வாய் இது. இந்த வாயோண்டு ஞான் கள்ளம் பறயுமோ?" என்று கேட்டார்.

அம்மா எழுந்து உட்கார்ந்தார். என் அம்மா வருடா வருடம் மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர். விரத வாயால் பொய் வந்தால் அது எங்கே போய் அடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போனைக் கிட்டே வாங்கி இத்தாவின் முகத்தையே பார்த்தார். "பாயம்மா, உங்களுக்கும் வந்துச்சா?" என்று கேட்டார். "வந்நு அம்மே, ஒரு நாள். கை பொக்கான் வய்யாயிருந்நு" என்று இடது கையைத் தூக்க முடியாமல் தூக்கிக் காட்டினார் இத்தா. "முருகா, அந்த மாத்திரைய எடு. கஞ்சி இருந்தா கொண்டா" என்றார் அம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மதிலுக்குக் கீழே உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன், அது நிம்மதியா அவமானமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

சில மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கு நாள் வந்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தயாராக இருந்தேன். அம்மா, "ஒன்கிட்டக் கேக்கல. பாயம்மாகிட்டப் போனக் குடு" என்றார். இத்தா அவர் பாஷையில் சொன்னார், அம்மா நம் பாஷையில் கேட்டார், மறுவாரம் போய்ப் போட்டுக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நாற்பத்தாறு வருட மகளின் பேச்சுக்கு இல்லாத மதிப்பு, ஒரே ஒரு நாள் மதில்மேல் பார்த்த ஒருத்தியின் பேச்சுக்கு இருந்தது. அதன்பிறகு இருவரும் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் பேசுவதில் பாதி மற்றவருக்குப் புரியாது, ஆனாலும் வாரம் தவறாமல் பேசுகிறார்கள். போன வருடம் வெலிங்டன் தீவில் நான் வேலை பார்க்கும் ஆபீஸிலிருந்து திரும்பும்போது படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தேன். அம்மா கூப்பிட்டபோது வழக்கம்போல நல்லா இருக்கேன் என்றேன். கால்மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, "எந்தக் காலு?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் உண்மையைச் சொல்லப் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். மீன் வண்டியருகே நின்று என் ப்ரஷர் எவ்வளவு என்று மலையாளத்தில் தயங்காமல் சொல்கிறேன். தமிழில்தான் இன்னும் வாய் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். "நல்லா இருக்கியா?" என்றார். "நல்லா இருக்கேம்மா" என்றேன். "சரி, வையி" என்று வைத்துவிட்டார். அடுத்த நிமிடம் மதிலுக்கு அந்தப் பக்கம் இத்தாவின் போன் அடித்தது. "ஹலோ அம்மே... ஆ, செல்வியோ?" என்று குரல் கேட்டது. குழம்பு கொதிக்கும் சத்தத்தில் அதற்குமேல் காதில் விழவில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பதற்காக அடுப்பைத் தணித்துவிட்டு நின்றேன்.