நீல அட்டை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். முன்னாள் ராணுவத்தினருக்கான மருந்தகத்தில் உதவியாளனாக இருக்கிறேன். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அந்த மாதம் வந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

மருந்தாளுநர் அக்கா சீட்டைப் பார்த்து மருந்தின் பெயர் சொல்லுவார். நான் எடுத்து நீட்டுவேன், அவர் ஒருமுறை பார்த்துக் கொடுப்பார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். வரிசை நீண்டுவிட்டால் மாத்திரை அட்டையின் நிறத்தைப் பார்த்தே எடுத்துவிடுவேன். நீலம் என்றால் பிரஷர் மாத்திரை.

அன்று காலையில் எங்களுக்கு ஒரு படிவம் தந்தார்கள். வேலையில் திருப்தி உண்டா, கட்டத்தில் டிக் போட வேண்டும். அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். நல்ல கூட்டம். அக்காவும் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் புதிதாக வந்த பெட்டியைக் கண்டேன். சர்க்கரை மாத்திரையும் நீல அட்டையில் வந்திருந்தது. பிரஷர் அட்டைகள் தொடாமல் அப்படியே இருந்தன. காலையில் நீல அட்டை வாங்கியவர் ஒருவர்தான், சிதறால் ஊர்க்கார சுபேதார். சர்க்கரை வியாதி இல்லாதவர். அக்கா போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. பஸ் பிடித்து ஓடினேன். வழியெல்லாம் அவர் வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடி நிற்பதாகவே தோன்றிக்கொண்டிருந்தது.

அவர் நாற்காலியில் வியர்த்து நனைந்து, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டதும் மாத்திரை போட்டதாக அவர் மனைவி சொன்னார். சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ட்ரிப் ஏறிய பிறகு பேச்சு வந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"கால விடு மக்கா. நான் ஒருத்தருட்டயும் சொல்லமாட்டேன். உனக்க வேலை போயிரும், அந்த மருந்துக்காரப் பிள்ளைக்க வேலையும் போயிரும்" என்றார்.

அவர் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் அக்காவும் நானும் 'மிகவும் திருப்தி' என்று டிக் போட்டுக் கொடுத்தோம். ஒப்பந்தம் புதுப்பித்தார்கள்.

இப்போது ஒவ்வொரு அட்டையையும் மூன்று தடவை எழுத்துக்கூட்டுகிறேன். வரிசையில் நிற்பவர்கள் ஏசுகிறார்கள். அடுத்த மாதமும் சுபேதார் வந்தார். அட்டையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"மக்கா, இது எனக்குள்ளதுதானா?"

ஆமாம் என்றேன். அவர் அதைத் தூக்கிப் பிடித்து, பின்னால் நின்றவரிடம் வாசித்துப் பார்க்கச் சொன்னார்.