பூட்டிய பாட்டும் சந்தேகக்காரத் தம்பியும்

சந்தேகப்படுவது பாவமா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியதுதானா? போன வாரத்திலிருந்து எனக்கு இந்தக் குழப்பம்.

என் வீட்டுக்காரர் எங்கள் பாலக்கரைப் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்தியவர். போன வருடம் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். கோயில் திருவிழாவுக்கென்று அவர் கடைசியாக மெட்டுப் போட்டுப் பாடிய பாட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது... பூட்டி இருக்கிறது! முன்பு அவர் மெட்டு ஒன்றை யாரோ தங்களுடையது என்று பாடிவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு போட ஆரம்பித்துவிட்டார்.

திருவிழா நெருங்குகிறது. குழுவினர் கேட்டபடி இருக்கிறார்கள். நான் எங்கே போவேன்?

பூட்டிய சாஃப்ட்வேரோ அரதப் பழசு. அது பூட்டும் முறையின், அதாவது என்கிரிப்ஷன் அல்காரிதத்தின், பெயரைக் கம்ப்யூட்டர் கடைக்காரரே கேள்விப்பட்டதில்லையாம். "இதுக்குன்னே இன்டர்நெட்ல தமிழ்க் குழு இருக்கும்மா, அங்க கேளு" என்றாள் மகள் ஸ்டெல்லா.

கேட்டேன். கடிதம் எழுதும் பழக்கத்தில் உச்சியில் 'இயேசு மரி சூசை' போட்டுத்தான் ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு தம்பி வந்தார். வணக்கம்கூட இல்லை.

"ஃபைல் யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது தம்பி."

"அப்ப அவர்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"கேக்கலாம். கல்லறைல இருக்காரு."

"எல்லாரும் இப்படித்தாங்க சொல்றாங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தனிச் செய்தியில் இன்னொருவர். "மரியே வாழ்க சிஸ்டர்! உங்களுக்காக ஜெபிக்கிறேன். ஃபைலை அனுப்புங்க. உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதையும் சொல்லுங்க. ஆண்டவர் திறந்து குடுப்பார்."

"பாருடி, எவ்வளவு பக்தியான பிள்ளை!" என்று ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

ஸ்டெல்லா போனைப் பிடுங்கினாள். "நீ கோயில்காரின்னு அவனுக்கு எப்படித் தெரியும்? உன் முதல் வரியைப் பாத்துட்டு வர்றான். ஆண்டவர் திறக்கிறதுக்கு ஓடிபி எதுக்கும்மா?"

நியாயமான கேள்விதானே?

மறுபடி அந்தச் சந்தேகக்காரத் தம்பி குழுவில் எழுதினார். "தனியா யாராவது கேட்டா ஃபைலைக் குடுக்காதீங்க. இதை உடைக்க எங்களால முடியாது. பாஸ்வேர்டை நீங்களே யூகிச்சுப் பாருங்க, உங்க கம்ப்யூட்டர்லயே. என்கிட்டயும் சொல்லாதீங்க. நிஜமாவே அவர் வீட்டம்மான்னா உங்களுக்குத் தெரியாம இருக்காது."

சுருக்கென்றது. இத்தனை வருடக் குடித்தனத்துக்கு ஒரு பரீட்சை!

அவருக்குப் பிடித்த புனிதர்கள், பழைய ஸ்கூட்டர், எங்கள் கல்யாணத் தேதி... நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா தட்டினாள். எதுவும் இல்லை. கடைசியில், அவர் என்னை மட்டும் கூப்பிடும் ஒரு செல்லப் பெயர். வெட்கத்தோடு நானே தட்டினேன்.

திறந்துகொண்டது.

அது என்ன பெயர் என்கிறீர்களா? உங்களிடமும் சொல்வதாக இல்லை.

இனிக்கப் பேசியவரை நம்பினேன், சந்தேகப்பட்டவரைக் கோபித்தேன். காவல் இருப்பவர் கொஞ்சம் குரைக்கத்தான் செய்வார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

பாட்டு தொடங்குமுன் ஒரு செருமல். பிறகு அவர் குரல்: "ரீட்டா, அந்த ஃபேனை நிறுத்து. இரைச்சலா இருக்கு."

எழுந்துபோய் நிறுத்தினேன்.